டொக்டருக்குத் தெரியுமா?

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
2.10.2005

அன்பான புளோறன்சுக்கு,

உமது மச்சாள் யோகாம்பாள் எழுதுவது. பேர்கனில் நீரும் என் தம்பி சச்சிதானந்தனும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை விட்டதா என்று கேட்கமாட்டேன். அது விடாது.

தொலைபேசி இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர். எங்கள் வீட்டில் தொலைபேசி வரவேற்பறையில் இருக்கிறது. நான் கதைப்பதை எல்லாம் அடுத்த அறையில் இருந்து மகள் கஜேந்தினி கேட்கிறாள். கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு இருக்கிறாள். தகப்பன் போனபின் அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது. தம்பியோ என் குரலைக் கேட்டதும் அழுகிறான். நீர் அழமாட்டீர். அதனால்தான் உமக்கு எழுதுகிறேன்.

மார்பை எடுத்த காயம் ஆறிவிட்டது. போன திங்கட்கிழமை முதல் தடவை மருந்தேற்றினார்கள். மூன்று கிழமைக்கு ஒரு முறையாக ஆறு தடவை ஏற்றவேண்டும். ஏற்றும்போது ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் அது என்ன மருந்து என்று விளங்கியது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. குளியலறை நிலத்தில் படுத்துக்கிடந்தேன், எழும்பிப் போனால் திரும்பி வரவேண்டும் என்பதால்.

ஹோட்டல் துணி தோய்க்கும் இடத்தில் என்னோடு விரிப்பு மடிக்கிற வியட்நாம்காரி ஒருத்தி பார்க்க வந்தாள். அம்மருட் பகுதியில் லின் என்று ஒரு சீன வைத்தியப் பெண் இருக்கிறாள், ஊசி குத்தினால் இந்தச் சத்தியும் குமட்டலும் நிற்கும் என்றாள். மறுநாளே போனேன். மயிர் போல மெல்லிய ஊசிகள். மணிக்கட்டில் இரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு. அன்று மாலை கஞ்சி குடித்தேன். கஞ்சி உள்ளேயே இருந்தது.

ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிடுவேன் என்று நினைக்கவேண்டாம். ஆறு தடவையும் ஏற்றியே தீருவேன். ஆனால் அதைத் தாங்க உடம்பு வேண்டும். ஆகவே இரண்டையும் பிடித்துக்கொள்ளப் போகிறேன். எனக்கு நாற்பத்தெட்டு வயது. மகள் தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம். இப்போது சாவதற்கு எனக்கு நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்காகக் கதைப்பவள் அவள்தான். நான் கதைக்கிற நோர்வே மொழி, இந்த நொஸ்க், விரிப்பு மடிக்கத்தான் காணும்.

முருகன் உங்கள் பக்கம் நிற்கட்டும்.

யோகம் மச்சாள்


பேர்கன்
9.10.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

யேசுவின் கிருபையால் இங்கே நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள் எழுதாமலே கையெழுத்தில் பார்த்தேன். எழுத்து நடுங்கவில்லை. அது போதும் எனக்கு.

உங்கள் தம்பி கடிதத்தை வாசிக்கவில்லை. நான் வாசிக்கத் தொடங்க எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்னோடு கோயிலுக்கு வந்து மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். உங்கள் சைவக் குடும்பத்தில் நடந்த அதிசயம் இது. ஒருவரிடமும் சொல்லவேண்டாம்.

ஊசி குத்திக் கஞ்சி நின்றது நல்லது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் சில தாதிமார் அப்படிக் குத்தப் படித்திருக்கிறார்கள். நான் வார்டில் சாப்பாடு கொடுக்கிறவள், வைத்தியம் தெரியாது. ஆனால் யார் தட்டு காலியாகத் திரும்பி வருகிறது, யார் தட்டு அப்படியே வருகிறது என்று தெரியும். சாப்பிடுகிறவர்கள் தாங்குகிறார்கள்.

அந்த லின் என்ன படித்தவள்? ஊசி மட்டும்தானா, வேறேதும் தருகிறாளா? உங்கள் டொக்டர் என்ன சொல்கிறார்? இதையெல்லாம் எழுதுங்கள்.

கம்பளித் தொப்பி ஒன்று பின்னி அனுப்பியிருக்கிறேன். முடி கொட்டத் தொடங்கினால் தேவைப்படும். கொட்டாவிட்டாலும் ஒஸ்லோக் குளிருக்கு உதவும்.

கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார்.

அன்புடன்,
புளோறன்ஸ்


எல்லிங்ஸ்ருட்
30.10.2005

அன்பான புளோறன்சுக்கு,

தொப்பி கிடைத்தது. முடி கொட்டிவிட்டது, ஆகவே அளவும் சரி. உமது முழங்கால் வலி எப்படி? தம்பியைப் பாத்திரம் கழுவவே விடும், அது அவனுக்கு நல்லது.

பதினேழாம் திகதி இரண்டாம் தடவை ஏற்றினார்கள். போகும் முன்னர் ஒரு முறை, வந்தபின் ஒரு முறை லின்னிடம் ஊசி. சத்தி ஒரு நாளோடு நின்றது. மூன்றாம் நாள் நானே கடைக்குப் போய்க் கீரை வாங்கினேன்.

லின்னைப் பற்றிக் கேட்டீர். அவள் சீனாவில் குவாங்சௌ நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள். அங்கே ஒரு மாடியில் மருந்தேற்றுவார்களாம், இன்னொரு மாடியில் கசாயம் காய்ச்சுவார்களாம். இரண்டு பக்க டொக்டர்களும் ஒரே கோப்பில் எழுதுவார்களாம். இங்கே அப்படி இல்லை என்பது அவளுக்குப் பெரிய கவலை. அவளுடைய நொஸ்கும் என்னுடைய நொஸ்கும் ஒரே மாதிரி உடைந்தது. அதனால் எங்களுக்குள் எல்லாம் விளங்குகிறது. என் உடம்பைப் பற்றி இந்த நாட்டில் நானே என் வாயால் சொன்னது அவளிடம்தான்.

ஊசியைக் கையில் எடுக்க முன்னர் ஒவ்வொரு தரமும் கேட்கிறாள்: "டொக்டர் தெரியும்? நீ சொல்லியது?" சொல்லாவிட்டால் கசாயம் தரமாட்டேன் என்று நின்றாள். இந்த நாட்டுச் சட்டமும் அப்படியாம். ஆகவே பதினேழாம் திகதி டொக்டருக்கு முன்னால் கஜேந்தினியிடம், "நான் சீனக் கசாயம் குடிக்கப்போறன், அதைச் சொல்லு பிள்ளை" என்றேன். அவள் அவரோடு கதைத்தாள். "டொக்டர் நல்லது எண்டு சொல்லுறார், தொடரட்டாம்" என்றாள். அதை லின்னிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல டொக்டர்!" என்று பொட்டலங்களைக் கட்டித் தந்தாள்.

வேர், பட்டை, ஏதோ பூச்சி உதிர்த்த கூடு, எல்லாம் போட்டுக் காய்ச்சவேண்டும். நாளுக்கு ஒரு கோப்பை. நாற்றம் படியெல்லாம் நிறைந்துவிட்டது. மேல்வீட்டு நோர்வேக்காரர் இறங்கி வந்து "ஏதாவது எரிகிறதா?" என்று கேட்டார். "இல்லை, நான் சுகமாகிறேன்" என்றேன். மனிதர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்தேற்றி முடிந்தபின் ஒளிக்கதிரும் கொடுப்பார்களாம், கூடுதல் பாதுகாப்புக்கு என்று கஜேந்தினி சொன்னாள். கொடுக்கட்டும்.

நல்லூரான் துணை.

யோகம் மச்சாள்


பேர்கன்
6.11.2005

என் அன்பு மருமகள் கஜேந்தினிக்கு,

மாமி எழுதுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? படிப்பு, வீடு, ஆஸ்பத்திரி என்று மூன்று பக்கம் ஓடுகிறாய். அம்மா உன்னைப் பற்றி எழுதும்போது பேனை அழுத்தமாகிறது, தெரியுமா?

ஒரு விஷயம் கேட்கவேண்டும். கசாயத்தைப் பற்றி டொக்டர் "நல்லது, தொடரட்டும்" என்று சொன்னதாக அம்மா எழுதியிருக்கிறார். அவர் எந்த வார்த்தையில் சொன்னார்? எங்கள் வார்டில் ஒரு நோர்வேக்காரி உள்ளிப்பூண்டுக் குளிசை போடுகிறேன் என்று சொன்னதற்கே டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். நான் சூப்போடு நின்று சூப் ஆறிவிட்டது. மருந்தேற்றுகிற காலத்தில் வேறெதுவும் ஈரலுக்குப் போனால் ஈரல் களைத்துவிடும் என்று அவளுக்குச் சொன்னார்.

உங்கள் டொக்டர் கசாயத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாரா? பொட்டலத்தைப் பார்த்தாரா? கொஞ்சம் விளக்கமாக எழுது. அம்மாவுக்கு எழுதுவதற்கு முன்னர் உன்னிடம் கேட்கலாம் என்று நினைத்தேன்.

தேவமாதா உன் நிழலாக வரட்டும்.

மாமி


எல்லிங்ஸ்ருட்
19.11.2005

அன்புள்ள மாமிக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருக்க விரும்புகிறேன். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். என் தமிழில் பிழை இருந்தால் அதற்கும்.

இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு இரண்டு பரீட்சை முடிந்தது. தை மாதத்தில் என் பயிற்சிக்காலம் தொடங்கும். அம்மா போகிற அதே ஆஸ்பத்திரியில்தான் இடம் கிடைத்திருக்கிறது. மூன்றாம் தடவையும் நன்றாகப் போனது. அம்மா கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறார், வெயில் இல்லாததால் இருக்கலாம்.

நீங்கள் கேட்டதைப் பற்றி: டொக்டர் மிகவும் நல்லவர். எல்லோரும் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறார்கள்.

மாமாவுக்கு என் அன்பு.

கஜேந்தினி


பேர்கன்
23.11.2005

அன்பு மருமகளே,

உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை.

அவர் நல்லவரா என்று நான் கேட்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

நீ எழுதாததை நான் வாசித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன். அது உன் வேலை. ஆனால் அடுத்த மருந்தேற்றலுக்கு முன்னர் அது நடக்கவேண்டும். மஞ்சள் என்று எழுதியிருக்கிறாய். வெயிலைச் சாட்டாதே. நீ தாதிக்குப் படிக்கிறவள்.

கோபத்தோடு எழுதவில்லை. உன் பக்கத்தில் நின்றுதான் எழுதுகிறேன்.

மாமி


எல்லிங்ஸ்ருட்
1.12.2005

அன்பான புளோறன்சுக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? எனக்கு ஒரு தடங்கல் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை நான்காம் தடவைக்குப் போனோம். தொப்பி, புத்தகம், விசுக்கோத்து எல்லாம் கொண்டுபோனேன். கையில் ஊசி ஏற்றும் முன்னர் டொக்டர் வந்து இன்று இல்லை என்றுவிட்டார். இரத்தத்தில் ஈரலின் அளவுகள் ஏறியிருக்கின்றனவாம். ஏன் என்று தெரியாதாம். ஒன்பதாம் திகதி ஈரலை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் மிச்சமாம். கஜேந்தினி "சும்மா ஒரு பரிசோதனை அம்மா" என்றாள். அவள் முகம் சுவர் போல வெள்ளையாக இருந்தது.

மருந்து நின்றால் நோய் வளரும் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சத்தியெடுப்பதைத் தாங்குவேன், சும்மா இருப்பதைத் தாங்கமாட்டேன். அதனால் கசாயத்தைக் கூட்டிவிட்டேன். காலையில் ஒரு கோப்பை, பின்னேரம் ஒரு கோப்பை. லின்னிடம் சொல்லவில்லை, நாளுக்கு ஒன்றுதான் என்று அவள் பிடிவாதம். ஆனால் ஈரலுக்கும் பலம் வேண்டும் அல்லவா?

விடமாட்டேன், புளோறன்ஸ். மிச்சம் மூன்று தடவையையும் இந்தக் கையில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வேன்.

முருகா.

யோகம் மச்சாள்


பேர்கன்
4.12.2005

அன்புள்ள மச்சாளுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். நேற்று இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். கஜேந்தினிதான் எடுத்தாள். நீங்கள் நித்திரை என்றாள். ஆகவே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

கசாயத்தை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டாவது கோப்பையை மட்டுமல்ல, முதலாவதையும்.

ஒன்பதாம் திகதி போகும்போது ஒரு பொட்டலத்தைக் கைப்பையில் கொண்டுபோங்கள். டொக்டரின் மேசையில் வையுங்கள். எவ்வளவு, எப்போதிருந்து, எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். கஜேந்தினி சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்கவேண்டாம். மொழி பிழைக்குமே என்று யோசிக்கிறீர்கள், தெரியும். லின்னுக்கு விளங்குகிற நொஸ்க் டொக்டருக்கும் விளங்கும். அவர் காது என்ன தங்கத்திலா செய்திருக்கிறது?

ஏன் என்று என்னிடம் கேட்கவேண்டாம். என் கலியாணத்துக்கு உங்கள் வீட்டில் இருந்து வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்று நீங்கள் எனக்காக நின்றது போல இன்று என் சொல்லுக்காக நில்லுங்கள்.

ஒன்பதாம் திகதி முழுக்க நாங்கள் இருவரும் மன்றாடுவோம்.

புளோறன்ஸ்


எல்லிங்ஸ்ருட்
11.12.2005

அன்பான புளோறன்சுக்கு,

உமது சொல்படி செய்தேன். முதலில் நல்ல செய்தி: ஈரலில் நோய் இல்லை. ஸ்கேன் சுத்தம். இதைத் தம்பிக்கு உரத்து வாசியும், பாத்திரத்தை வைத்துவிட்டு வரட்டும்.

பொட்டலத்தை மேசையில் வைத்தேன். டொக்டர் ஏசவில்லை. சொன்னதற்கு நன்றி என்றார். கசாயம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம், ஆனால் அப்படி இருக்கலாமாம். நிறுத்திவிட்டு இரண்டு கிழமை பார்ப்போம் என்றார். இதை அவரிடம் சொல்ல நான் மறந்துபோனேன். அவ்வளவுதான் நடந்தது.

அவர் அங்கேயே லின்னுக்குத் தொலைபேசி எடுத்தார். என்னைப் பற்றி இரண்டு வைத்தியர்கள் என் முன்னாலேயே கதைத்தார்கள்.

நேற்று லின்னிடம் போனேன். கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. "நீ எனக்கு டொக்டர் தெரியும் சொன்னது. நான் நம்பியது. நான் உன் ஈரல் கெட்டது" என்றாள். கண் கலங்கியிருந்தது. என் பிழை, நான் சொல்ல மறந்தேன், இரண்டு கோப்பை குடித்ததும் நான்தான் என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். நான் வாசலில் கிடந்த வாங்கில் குந்தியிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை. அவளிடம் இரண்டு பேர் வந்து போனார்கள். பிறகு ஒரு கோப்பை வெந்நீரோடு வந்து பக்கத்தில் இருந்தாள். "கசாயம் இல்லை. மருந்து முடியும் வரை இல்லை. ஊசி உண்டு. உன் டொக்டர் ஊசி சரி சொன்னது" என்றாள். பிறகு, "இனி நான் உன்னிடம் கேட்பது இல்லை. நான் அவரிடம் கேட்பது" என்றாள். சரி என்றேன்.

கஜேந்தினிக்குப் பாரம் கூட. இந்தக் கிழமை சமையல் நான்தான்.

கந்தன் காப்பான்.

யோகம் மச்சாள்


எல்லிங்ஸ்ருட்
14.12.2005

அன்புள்ள மாமிக்கு,

நலமா? அம்மா உங்களுக்கு எழுதியிருப்பார். தான் மறந்ததாக எழுதியிருப்பார். அது உண்மை இல்லை. உங்களுக்கு அது தெரியும்.

ஒக்டோபர் பதினேழாம் திகதி டொக்டர் முதலில் வேறொன்று சொன்னார். அறுவைச் சிகிச்சையில் எடுத்ததைத் திரும்பப் பார்த்ததில் அக்குளில் இரண்டு நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததாம். பரவல், ஸ்ப்ரேட்னிங், என்ற சொல்லைச் சொன்னார். அதனால்தான் ஒளிக்கதிரும் வேண்டும் என்றார். அம்மா என்னைப் பார்த்து "என்னவாம்?" என்று கேட்டார். "பாதுகாப்புக்கு ஒளிக்கதிரும் குடுப்பினமாம்" என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் அம்மா கசாயத்தைச் சொல்லு என்றார்.

டொக்டர் கோப்பை மூடிக்கொண்டிருந்தார். அடுத்த மாதங்களில் அந்த இடத்தில்தான் நான் வேலை பழகவேண்டும். பூச்சிக்கூடு குடிக்கிறவரின் மகள் என்று அவர்கள் நினைப்பார்கள் என்று தோன்றியது. இன்னும் ஒரு சொல்லை அந்த மேசையில் வைக்க என்னால் முடியவில்லை. அவரிடம் "அம்மா நன்றி சொல்கிறார்" என்றேன். அவர் சிரித்து, "நல்லது, இப்படியே தொடரட்டும்" என்றார். அதைத்தான் அம்மாவுக்குச் சொன்னேன். அந்தச் சொற்கள் அவர் சொன்னவைதான், மாமி. ஆனால் வேறொன்றுக்குச் சொன்னவை. அது ஒரு தேத்தண்ணீர் மாதிரித்தானே, என்ன செய்துவிடும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உங்கள் இரண்டாவது கடிதத்தைப் படிப்பு மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தொலைபேசி எடுத்தபோது அம்மா நித்திரை இல்லை.

ஒன்பதாம் திகதி அம்மா கைப்பையைத் திறந்து பொட்டலத்தை மேசையில் கொட்டினார். வேரெல்லாம் உருண்டது. நான் வாயைத் திறக்க, என் முழங்காலில் கையை வைத்துவிட்டு நேரே டொக்டரைப் பார்த்து நொஸ்கில் சொன்னார்: "நான் இது குடிக்க. ஒவ்வொரு நாள். இப்போ இரண்டு தரம். சீன டொக்டர் ஒன்று சொல்லியது, நான் இரண்டு."

டொக்டர் ஒரு பட்டையை எடுத்து மணந்து பார்த்தார். "எப்போதிருந்து?" என்று கேட்டார். "ஒக்டோபர்." "ஏன் எங்களுக்கு முன்னர் சொல்லவில்லை?" என்று கேட்டபோது அவர் என்னைத்தான் பார்த்தார். அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியதை நான் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம்தான். பிறகு அம்மா அவர் பக்கம் திரும்பி, தொப்பியைத் தட்டிக் காட்டி, "யை கிளெம்தெ" என்றார். நான் மறந்துவிட்டேன். "இந்த மருந்து, தலை ஓட்டை" என்றார். டொக்டர் சிரித்துவிட்டார்.

வெளியே வந்தபின் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "பசிக்குது, போய்ச் சாப்பிடுவம் வா" என்றார். இன்று வரை ஒன்றும் கேட்கவில்லை. ஏசினால் நல்லாயிருக்கும், மாமி.

கஜேந்தினி


பேர்கன்
8.1.2006

அன்புள்ள மச்சாளுக்கு,

புதுவருடம் உங்கள் வீட்டுக்கு ஆரோக்கியம் கொண்டுவரட்டும். அளவுகள் இறங்கி, நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் நான்காம் தடவை ஏற்றியாயிற்று என்று கஜேந்தினி தொலைபேசியில் சொன்னாள். உங்கள் தம்பி அன்று கடிதம், தொலைபேசி, நான், மூன்றையும் கட்டிப்பிடித்து அழுதார். எனக்கு முழங்கால் பரவாயில்லை.

ஒன்று கேட்கிறேன். விருப்பமில்லாவிட்டால் பதில் வேண்டாம். நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. என் கலியாணச் சேலையின் கரை நிறம் இன்றும் உங்களுக்கு ஞாபகம். ஏன் மறந்தேன் என்று எழுதினீர்கள்? வீட்டில் அதைப் பற்றிக் கதைத்தீர்களா?

கஜேந்தினி மெலிந்த குரலில் கதைக்கிறாள். பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருப்பாள். அவளுக்கும் தனியாக எழுதுகிறேன்.

யேசுவின் சமாதானம் உங்கள் இருவருக்கும்.

புளோறன்ஸ்


எல்லிங்ஸ்ருட்
23.3.2006

அன்பான புளோறன்சுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும். நான் இரண்டரை மாதமாக எழுதவில்லை. உமது கேள்வியை வைத்துக்கொண்டு இருந்தேன். பதில் உமக்குச் சொல்ல முன்னர் அவளுக்குச் சொல்லவேண்டியிருந்தது.

மருந்தேற்றல் மாசியில் முடிந்தது. ஆறு தடவையும் ஏற்றினேன், சொன்னபடி. ஐந்தாம் தடவைக்குப் பின்னர் வெள்ளையணு குறைந்துபோக, ஆஸ்பத்திரி டொக்டரே லின்னுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவள் ஒரு கிழமை ஊசியைத் தொடவே இல்லை. சும்மா என் காலைப் பிடித்துவிட்டு அனுப்பினாள். முடிந்த அன்று கசாயம் தருவாயா என்று கேட்டேன். "நீ இப்போ சோறு. நிறைய சோறு" என்றாள். இப்போது ஒவ்வொரு நாளும் ஒளிக்கதிர். தோல் கறுத்துவிட்டது. எங்கள் நிறத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

போன கிழமை கஜேந்தினியின் பயிற்சி முடிய, ஒளிக்கதிரும் முடிய, ஒன்றாக ரயிலில் வந்தோம். அவள் தன் தாதி உடையைப் பையில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் சொன்னேன்.

"கஜே, எனக்கு அந்தச் சொல் தெரியும்."

"எந்தச் சொல்?"

"ஸ்ப்ரேட்னிங்."

கை நின்றுவிட்டது. "எப்ப இருந்து?"

"அவர் சொன்ன அண்டைக்கே. அந்தக் காத்திருக்கிற அறையிலை இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே நொஸ்க் சொல் அதுதான் பிள்ளை. சோமாலியாக்காரிக்கும் தெரியும், பாகிஸ்தான்காரிக்கும் தெரியும்."

"அப்ப ஏன் அம்மா ஒண்டும் கேக்கேல்லை?"

"நீ அதை எனக்குத் தெரியாமல் வைச்சிருக்க வேணும் எண்டு நினைச்சாய். உனக்கு அது வேணுமாயிருந்தது. நானும் விட்டிட்டன்."

அவள் அழத் தொடங்கினாள். எதிரில் இருந்த கிழவர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார், நல்ல மனிதர்.

"நான் கசாயத்தைச் சொல்லேல்லை அம்மா. உங்கடை ஈரல் போயிருந்தால்..."

"போகேல்லை. நீ அண்டைக்கு அந்தப் பெரிய சொல்லைத் தனிய விழுங்கினனி. அதுக்குப் பிறகு உன்ரை தொண்டையிலை ஒண்டும் இறங்கியிராது. எனக்கு அது விளங்கினது. அதுதான் மறந்திட்டன் எண்டனான். ஆனால் நாங்கள் ரெண்டுபேரும் இப்பிடி ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளிச்சால் ரெண்டுபேருமே என்னைச் சாக்காட்டிப்போடுவம். இனி நல்லதோ கெட்டதோ சேர்ந்து கேப்பம்."

அவள் தலையாட்டினாள். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று சொல்வேன், ஆனால் எல்லிங்ஸ்ருட்தான் கடைசித் தரிப்பு. அதற்கு மேல் ரயில் போகாது. இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினோம்.

இனி உமது கேள்விக்குப் பதில் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று டொக்டரைக் கண்டோம். இப்போதைக்கு வேறெங்கும் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து வருடம் கவனிக்கவேண்டும், திரும்ப வரவும் கூடும், அதை ஒளிக்கமாட்டேன் என்றார். கஜேந்தினி அதை ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னாள்.

போகும்போது அவரிடம் நானே நொஸ்கில் கேட்டேன், அடுத்த முறை எனக்குத் தொல்க் ஒருவர் வேண்டும், ஆஸ்பத்திரியே கூப்பிடுகிற மொழிபெயர்ப்பாளர் என்று. அதற்கு ஒழுங்கு உண்டு, செய்கிறேன் என்றார். பிறகு கஜேந்தினியைக் காட்டி, "அப்படியென்றால் இவர் இனி வரமாட்டாரா?" என்று கேட்டார்.

"வருவாள்" என்றேன். "அவள் மகள். பக்கத்தில் இருந்து என் கையைப் பிடிக்க வருவாள்."

யோகம் மச்சாள்